அன்ட்வேர்ப் துறைமுகத்தில் ஓர் இலிகிதர்

எண்பதுகளின் தொடக்கத்தில் புறக்கோட்டையில் ஓர் இறக்குமதிக் கடையில் கணக்கெழுதிக் கொண்டிருந்தேன். ஒரே சரக்குக்கு இரண்டு இன்வொய்ஸ் வரும். குறைந்த தொகை போட்டது சுங்கத்துக்கு. உண்மைத் தொகை போட்டது முதலாளியின் மேசை லாச்சிக்கு. மூன்றாவது மாதம் துணிந்து கேட்டுவிட்டேன். முதலாளி கோபப்படவில்லை. தேத்தண்ணி வரவழைத்துத் தந்துவிட்டு, "மகன், நீங்க ஒங்கட கணக்க எழுதுங்க. மத்தத நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். அடுத்த மாதச் சம்பளத்தில் நூறு ரூபாய் கூடியிருந்தது. நான் அதை வாங்கிக்கொண்டேன்.

பல வருடங்களுக்குப் பிறகு எட்மண்ட் டீன் மொரெல் என்பவரின் வரலாற்றை வாசித்தபோது அந்த நூறு ரூபாய்தான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது. மொரெலும் கணக்கெழுதிய ஆள்தான். 1873இல் பாரிசில் பிறந்தவர். தகப்பன் பிரெஞ்சுக்காரர், தாய் ஆங்கிலப் பெண். சிறுவயதிலேயே தகப்பனை இழந்தவர், 1890களின் தொடக்கத்தில் லிவர்பூலில் எல்டர் டெம்ப்ஸ்டர் என்ற கப்பல் கம்பனியில் இலிகிதராகச் சேர்ந்தார். சம்பளம் காணாததால் இரவில் பத்திரிகைகளுக்கு வர்த்தகக் கட்டுரைகளும் எழுதினார்.

அந்தக் கம்பனியின் கப்பல்கள்தான் பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் துறைமுகத்துக்கும் கொங்கோவுக்கும் இடையே சரக்கேற்றின. கொங்கோ அப்போது பெல்ஜியத்தின் குடியேற்றநாடுகூட இல்லை. 1884-85 பேர்லின் மாநாட்டை அடுத்து, அது இரண்டாம் லியோபோல்ட் மன்னரின் சொந்தச் சொத்துப்போல ஆயிற்று. பெல்ஜியத்தைப் போல எழுபது மடங்குக்கு மேற்பட்ட நிலம். மன்னர் அங்கு ஒருநாளும் கால்வைத்ததில்லை. அரபு வியாபாரிகளின் அடிமை வர்த்தகத்தை ஒழிக்கப் போவதாகத்தான் அவர் உலகத்துக்குச் சொன்னார். அந்த வர்த்தகம் பொய்யல்ல, அதை மூடிமறைக்க வேண்டிய தேவை நமக்கும் இல்லை. ஆனால் அதில் பேர்பெற்றிருந்த சான்சிபார் வியாபாரி டிப்பு டிப்பையே 1887இல் ஸ்டான்லி நீர்வீழ்ச்சிப் பகுதிக்கு ஆளுநராக நியமித்ததும் இதே மன்னரின் நிர்வாகம்தான்.

பிரெஞ்சு சரளமாகத் தெரிந்ததால் கொங்கோக் கப்பல்களின் அலுவலைப் பார்க்க மொரெலை அடிக்கடி அன்ட்வேர்ப்புக்கும் பிரசல்ஸுக்கும் அனுப்பினார்கள். துறைமுகத்தில் அவர் பார்த்தது இதுதான். வரும் கப்பலில் தந்தமும் இறப்பரும் நிறைந்திருக்கும். போகும் கப்பலில் துவக்கும் தோட்டாவும் படையினரும்தான் பெரும்பகுதி. துணி, உப்பு, பாத்திரம் என்று ஊரவருக்கு விற்கக்கூடிய சாமான் சொற்பம். பதிவேடுகளை ஒப்பிட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. கொங்கோ நிர்வாகம் வெளியிட்ட ஏற்றுமதித் தொகையைவிடக் கப்பலில் உண்மையாக வந்திறங்கிய சரக்கு அதிகம். மிச்சம் யாருடைய கைக்குப் போகிறது?

இந்த இடத்தில் ஒரு கணக்கப்பிள்ளையின் மூளை எப்படி வேலை செய்யும் என்பது எனக்குத் தெரியும். வரவு இருக்கிறது, அதற்கு எதிரே செலவில்லை. அப்படியானால் சரக்குக்கு விலை கொடுக்கப்படவில்லை. விலை கொடுக்காமல் ஒரு சனம் காட்டுக்குள் போய் கொடிகளை வெட்டிப் பால் எடுத்துத் தருமா? துவக்கு எதற்குப் போகிறது என்பதற்கு அதுவே பதில். கொங்கோவைக் கண்ணால் பார்க்காமலே, இரண்டு பத்திகளைக் கூட்டிப் பார்த்து, அங்கே நடப்பது கட்டாய உழைப்பு என்ற முடிவுக்கு மொரெல் வந்தார். பின்னால் வந்த சாட்சியங்கள் அதை உறுதிப்படுத்தின. ஆண்கள் இறப்பர் கொண்டுவரும்வரை பெண்களைப் பணயமாக அடைத்து வைத்தார்கள். தோட்டாவை வீணாக்கவில்லை என்று காட்டச் சிப்பாய்கள் சுட்டவர்களின் கையை வெட்டிக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். அதுவும் ஒரு கணக்குத்தான்.

கம்பனியின் தலைவர் சேர் அல்பிரட் ஜோன்ஸ். கீழ்மட்டத்திலிருந்து உழைத்து மேலே வந்தவர், லிவர்பூலில் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி 1898இல் தோன்றக் காரணமாயிருந்த கொடையாளி. அதே வேளை லிவர்பூலில் கொங்கோவின் கௌரவத் தூதுவரும் அவரே. இப்படிப்பட்ட முதலாளிகளை நாமும் அறிவோம். ஊருக்குக் கிணறு வெட்டித் தருவார், கடையின் பின்பக்கம் வேறு விதமாக இருக்கும்.

மொரெல் அவரிடமே நேரே போய்ச் சொன்னார். ஜோன்ஸ் மிரட்டவில்லை. பிரசல்ஸ் போய் மன்னரைக் கண்டு வந்து, சீர்திருத்தம் செய்வதாக வாக்குக் கிடைத்திருக்கிறது, பெல்ஜியர்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்கவேண்டும் என்றார். அதன்பிறகு வெளிநாட்டில் கூடிய சம்பளத்தில் ஒரு பதவி காட்டப்பட்டது. மொரெல் மறுத்தார். பிறகு இன்னுமொரு ஏற்பாடு: நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஆலோசகராக இருந்தால் போதும், வருடத்துக்கு 200 பவுண். அதையும் மறுத்தார். வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள், கையிருப்பு இல்லை.

நெருக்குதல் என்றதும் நாங்கள் வேலையை விட்டு நிறுத்துவதையும் ஏச்சையும்தான் நினைக்கிறோம். ஜோன்ஸின் முறை வேறு. முதலில் வாக்குறுதி, பிறகு இடமாற்றம், கடைசியில் சும்மா இருப்பதற்குச் சம்பளம். ஒவ்வொன்றும் நன்மை செய்வதுபோலவே வரும். எனக்குக் கிடைத்த தேத்தண்ணியும் அந்த வகைதான்.

ஒரு விசயத்தை மறைக்கக்கூடாது. மொரெல் உடனே வெளியேறவில்லை. 1900ஆம் ஆண்டின் பிற்பாதியில் 'ஸ்பீக்கர்' என்ற சஞ்சிகையில் கொங்கோ பற்றிப் பெயர் போடாமல் தொடர் எழுதினார். அப்போதும் எல்டர் டெம்ப்ஸ்டரின் சம்பளந்தான் சாப்பிட்டார். இது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆதாரத்தைத் திரட்டி முடிக்காமல் வெளியே வந்திருந்தால் வேலையிழந்த இன்னொரு கிளார்க் என்று ஒதுக்கியிருப்பார்கள். 1901இல், 28 வயதில், விலகினார்.

1903இல் 'வெஸ்ட் ஆபிரிக்கன் மெயில்' பத்திரிகையைத் தொடங்கினார். அவருக்குத் துணைநின்ற லிவர்பூல் வியாபாரி ஜோன் ஹோல்டுக்குக் கொங்கோவின் ஏகபோகத்தால் தொழில் நட்டமும் இருந்தது, மனச்சாட்சியும் இருந்தது. இரண்டையும் பிரிக்க நான் முயலவில்லை. அதே வருடம் மே மாதம் பிரித்தானியப் பாராளுமன்றம் கொங்கோ பற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. தூதுவர் ரொஜர் கேஸ்மன்ட் உள்நாட்டுக்குள் நேரில் போய் விசாரித்தார். 1904இல் அவரது அறிக்கை வெளிவந்தது, கொங்கோ சீர்திருத்தச் சங்கமும் தோன்றியது. கடைசியில் 1908இல் மன்னரின் கையிலிருந்து கொங்கோவைப் பெல்ஜிய அரசு எடுத்துக்கொண்டது.

அத்தோடு கட்டாய உழைப்பு முற்றாக ஒழிந்தது என்று சொல்லமுடியாது. காட்டு இறப்பரின் மவுசு குறைந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு, அது நம் பக்கத்தில் இருக்கிறது. 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள் கம்பஹாவில் ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. இலங்கையிலும் மலாயாவிலும் பரவிய தோட்ட இறப்பர் சந்தைக்கு வந்த பிறகு, கொங்கோவின் கொடி இறப்பருக்கு முந்திய விலை கிடைக்கவில்லை. தோட்டங்களில் பால் வெட்டியவர்களின் கதை வேறாக எழுதப்பட வேண்டியது.

மொரெலை அவுலியாவாக்கிவிடவும் முடியாது. முதலாம் உலகப் போரை எதிர்த்து 1917இல் சிறை சென்றவர், 1922இல் டண்டீ தொகுதியில் சேர்ச்சில் தோற்ற தேர்தலில் வென்றவர். அதே மனிதர்தான் 1920இல், ஜெர்மனியில் நிறுத்தப்பட்ட பிரான்சின் ஆபிரிக்கப் படையினரைப் பற்றி அருவருப்பான இனவெறிப் பிரசாரம் செய்தார். கொங்கோ மக்களுக்காகப் பத்து வருடத்துக்கு மேல் எழுதிய கை அது. இதை வாசித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அடுத்த நாள்தான் திரும்ப எடுத்தேன்.

கொங்கோவைக் கையளிக்குமுன் மன்னரின் ஆட்கள் 1908 ஆகஸ்டில் பிரசல்ஸில் கொங்கோ நிர்வாகத்தின் பத்திரங்களை எட்டு நாள் எரித்தார்கள். கப்பல் கம்பனியின் எண்களை மொரெல் அதற்கு முன்பே அச்சில் ஏற்றிவிட்டிருந்தார்.

எங்கள் கடையிலும் ஒருநாள் சுங்க அதிகாரிகள் வரப்போவதாகக் கதை வந்தது. பின்பக்கம் தேத்தண்ணி அடுப்பில் லாச்சி இன்வொய்ஸ்களைப் போட்டவன் நான்தான். யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதலாளி தோளில் தட்டி, "நீங்க நம்மட ஆள்" என்றார். இன்னும் நாலு வருடம் அங்கே இருந்தேன்.