கப்பற்கூலி எவன் கணக்கில்?

கடல் கடந்து உழைக்கச் செல்பவனுக்குக் கூலி எவ்வளவு என்று கேட்போர் பலர். அவனை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த செலவு எவன் கணக்கில் ஏறிற்று என்று கேட்போர் மிகச் சிலர். அவன் தொழிலாளியாக வாழ்ந்தானா, அடிமையாக வாழ்ந்தானா என்பதை அந்த இரண்டாவது கேள்விதான் காட்டிக்கொடுக்கிறது.

இலங்கையைப் பார்ப்போம். காப்பித் தோட்டமும், பின்னர் தேயிலைத் தோட்டமும் போட்ட வெள்ளைத் துரைமாருக்கு ஆள் வேண்டும். ஆளோ திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்துச் சிற்றூர்களில், பண்ணையார் கடனில் தலைமுறை தலைமுறையாக அமிழ்ந்து கிடந்தான். துரை முன்பணம் கொடுத்தான். கங்காணி ஊர் திரும்பினான். உள்ளூர்க் கடனை அடைத்து, வழிச்செலவு செய்து, ஒரு கூட்டத்தைத் திரட்டிச் சென்றான். பணம் துரையுடையது. ஆனால் கணக்கு? அது கூலியாளின் பெயரில் எழுதப்பட்டது! வழியில் குடித்த கஞ்சி, போர்த்திய கம்பளி, ஏறிய தோணி அனைத்தும் அவன் கடன். எழுதியவன் கங்காணி. கடன்பட்டவனுக்கு எழுத்துத் தெரியாது. அவனுக்கு எழுத்தை மறுத்தவர் யார் என்பதை நம் வாசகர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

அந்தக் கடனுக்கு ஒரு சீட்டு உண்டு. ‘துண்டு’ என்று பெயர். இத்தனை ரூபாய் செலுத்துவோர் இந்தக் கூட்டத்தை அழைத்துக்கொள்ளலாம் எனத் தோட்டத்துத் துரை எழுதித் தருவது அது. கங்காணி அதை அடுத்த தோட்டத்துக்கு எடுத்துச் செல்வான். அங்குள்ள துரை பணத்தை எண்ணி வைப்பான். ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் கைமாறுவர். நம் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போர்த்தி, விரல் பிடித்து விலை பேசுகின்றனர். மலைநாட்டிலோ துண்டே விலை பேசிற்று. கைமாறும்தோறும் கங்காணி தன் பங்கையும் ஏற்றுவான். ஆகவே கடன் வளர்ந்ததேயன்றித் தேயவில்லை. தலையெழுத்து என்றழுதனர் தாய்மார்கள். தலையில் எவனும் எழுதவில்லை. தோட்டத்து அலுவலகத்தில், மேசைமேல், மையால் எழுதினான்.

1921-இல் இலங்கையில் சட்டம் செய்து துண்டை ஒழித்தனர். 1922-இல் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் பிறந்தது. 1923-இல், ஆள் கொணரும் செலவை முதலாளிகளே ஏற்கும் பொதுநிதி இலங்கையில் அமைந்தது. நூறாண்டு காலம் கூலியாளின் முதுகில் கிடந்த மூட்டை அப்போதுதான் இறங்கிற்று.

மலேயாவில் இந்த அறிவு சற்று முன்னரே உதித்தது. கருணையால் அன்று, கணக்கால்! ரப்பர் விலை ஏறிய காலம். ஒரு துரை செலவு செய்து கொண்டுவந்த ஆளை, அடுத்த தோட்டத்துத் துரை இரண்டு காசு கூட்டிக் கொடுத்து இழுத்துக்கொண்டான். செலவு ஒருவனுக்கு, ஆள் இன்னொருவனுக்கு. இதைத் தீர்க்க 1907-இல் ‘தமிழர் குடியேற்ற நிதி’ ஏற்படுத்தப்பட்டது. தென்னிந்தியத் தொழிலாளரை வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும், தானே ஆள் சேர்த்தானோ இல்லையோ, வேலை செய்த தலைகளுக்கு ஏற்ப வரி கட்டவேண்டும். அப்பணத்தில்தான் ஊரிலிருந்து ரயில் கட்டணம், முகாமில் சோறு, நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பற்கூலி, கங்காணியின் தரகு எல்லாம். இறங்கியவன் கடனின்றி இறங்கினான். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து வேலையை விடவும் உரிமை பெற்றான். ஒப்பந்தக் கூலி முறையில் ஆள் சேர்ப்பது 1910-இல் அங்கே நின்றது.

நன்மைதான், மறுக்கமாட்டோம். ஆனால் அந்நிதியை ஆண்ட குழுவில் ஓங்கியிருந்தது யார் குரல்? தோட்ட முதலாளிகளின் குரல். கூலி உயரும்போல் தோன்றினால் கப்பல்களை நிரப்பலாம். ரப்பர் விலை வீழ்ந்தால் அதே நிதியைக் கொண்டு திருப்பி அனுப்பலாம். 1930-இல் அதுவே நடந்தது. ஆள் சேர்ப்பு நின்றது, ஆணின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 ஆயிற்று, பல்லாயிரவர் நாகைக் கரைக்கே திருப்பப்பட்டனர். வரவும் நிதியால், விரட்டலும் நிதியால்! 1938 ஜூன் 15-இல் இந்திய அரசு, உதவிப்பணத்தில் மலேயாவுக்கு ஆள் போவதைத் தடுத்தது. எஞ்சிய பணம் 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாயிற்று. 1999-இல் அதுவும் கலைக்கப்பட்டது.

பழங்கதை என்று தள்ளாதீர், தோழர்களே. அதே பிரிட்டன் 2017 ஏப்ரலில் தன் முதலாளிகள்மீது ஒரு கட்டணம் விதித்தது: அயல்நாட்டு ஊழியர் ஒருவருக்கு ஆண்டொன்றுக்குப் பெரிய நிறுவனம் 1,000 பவுண்டு, சிறியது 364 பவுண்டு. அதை ஊழியரிடம் பிடிக்கலாகாது என்றும் விதி வகுத்தது. அப்படியிருந்தும், 2022-க்குப் பின் முதியோரைப் பேணும் வேலைக்குச் சென்றோர் பலர், முகவர்களிடம் ஆயிரக்கணக்கான பவுண்டு பறிகொடுத்த செய்தி அந்நாட்டு ஏடுகளிலேயே வெளிவந்தது.

தொழிலாளியிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்கலாகாது என்பது 1997-ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழில் உடன்படிக்கை. நம் நாட்டிலோ, 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகள், முகவர் ஒரு தொழிலாளியிடம் 30,000 ரூபாய் வரை வாங்க இடம் தந்தன. நாம் பாடம் நடத்தும் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் இருக்கிறான். அவன் தந்தை வளைகுடா செல்லத் தாயின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. ரசீது 30,000-த்துக்கு, கொடுத்தது ஒன்றரை இலட்சம். வட்டிக் கணக்குப் பாடத்தன்று அந்தத் தொகையையே கரும்பலகையில் எழுதும்படி அவன் கேட்டான், எழுதினோம்.