வாடிக்கையாளர் கணக்கு யார் கையில்?

வாடிக்கையாளர் விவரங்களை அலசும் வேலையை வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்கும் வழக்கம் பிரிட்டிஷ் மளிகை வணிகத்தில் வேரூன்றியது 1990-களில். அதில் முன்னே நின்றது டெஸ்கோ.

திரும்பி வருபவருக்குப் பரிசு தருவது அங்கே புதிதல்ல. 1963 முதல் டெஸ்கோ கிரீன் ஷீல்டு ஸ்டாம்புகளை வழங்கியது; 1977இல் அதைக் கைவிட்டு விலைக்குறைப்பில் இறங்கியது. ஸ்டாம்பைப் பெற்றவர் யார், என்ன வாங்கினார் என்பது எங்கும் பதிவாகவில்லை. பின்னர் வந்த பார்கோடு, எந்தப் பொருள் விற்றது என்பதைக் கல்லாவிலேயே காட்டியது. வாங்கியவர் யார் என்பது அப்போதும் தெரியாது. அதை அறியவே 1993இல் சில கடைகளில் கிளப்கார்டு என்ற வாடிக்கையாளர் அட்டையின் சோதனை தொடங்கியது.

அட்டை தந்த விவரங்களை அலச, டெஸ்கோ பெரிய கணினி நிறுவனம் எதையும் நாடவில்லை. கிளைவ் ஹம்பி, எட்வினா டன் தம்பதியர் 1989இல் லண்டனில் தொடங்கிய டன்ஹம்பி என்ற சிறு நிறுவனம் அமர்த்தப்பட்டது. முழு விவரத்தையும் அலசும் வசதி அன்றைய கணினிகளுக்கு இல்லாததால், அதில் பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டார்கள். அதுவே போதுமானதாக இருந்தது. 1994 நவம்பரில் இயக்குநர் குழு முன் முடிவுகள் வைக்கப்பட்டபோது தலைவர் இயன் மெக்லாரின் அயர்ந்துபோனார்: முப்பது ஆண்டில் தான் அறிந்ததைவிட மூன்றே மாதத்தில் இவர்கள் தன் வாடிக்கையாளரைப் பற்றி அதிகம் அறிந்துவிட்டார்களே என்பது அவர் கவலை. மறு பிப்ரவரியில் அட்டை நாடெங்கும் வந்தது. அதே 1995இல் டெஸ்கோ தன் போட்டியாளரான செயின்ஸ்பரியை முந்தியது. வெற்றிக்கு அட்டை மட்டுமே காரணம் என்பது மிகை. விலையும் புதுக் கடைகளும் சேர்ந்து உழைத்தன.

இதையெல்லாம் மின்னணு ஸ்டாம்பு என்று ஏளனம் செய்த செயின்ஸ்பரி, 1996இல் தானும் ஓர் அட்டையை வெளியிட்டது. 2002இல் அதை விட்டுவிட்டு, பிபி, பார்க்லேகார்டு, டெபனாம்ஸ் ஆகியவற்றோடு நெக்டர் என்ற பொது அட்டையில் சேர்ந்தது. அட்டையை நடத்தியது தனி நிறுவனம். செலவு பகிரப்பட்டது, வாடிக்கையாளர் மீதான பிடியும் பகிரப்பட்டது.

டெஸ்கோ எதிர்த்திசையில் நடந்தது. 2001இல் டன்ஹம்பியின் 53 சதவீதப் பங்கை வாங்கி, பிற்பாடு முழுவதையும் தனதாக்கியது. 2003இல் அமெரிக்க மளிகை நிறுவனமான குரோகர் டன்ஹம்பியுடன் கூட்டு நிறுவனம் அமைத்தது. 2015இல் குரோகர் அதிலிருந்து விலகி, அங்கிருந்த ஆட்களையும் தொழில்நுட்பத்தையும் கொண்டு 84.51° என்ற சொந்த நிறுவனத்தை நிறுவியது; பெயர், தலைமையகம் உள்ள சின்சினாட்டியின் தீர்க்கரேகை. பெரிய வாடிக்கையாளர் போனதும் டன்ஹம்பியின் மதிப்பு சரிந்தது. கடனில் தவித்த டெஸ்கோ அதை விற்க எடுத்த முயற்சி அந்த ஆண்டே கைவிடப்பட்டது.

இதற்கிடையே, 2013இல் டேவிட் ராப் என்ற அமெரிக்க ஆலோசகர் வாடிக்கையாளர் விவரங்களைத் திரட்டும் மென்பொருளுக்குக் ‘கஸ்டமர் டேட்டா பிளாட்ஃபார்ம்’ என்று பெயரிட்டார். கடை, இணையதளம், தொலைபேசி என எங்கிருந்து வந்தாலும் ஒருவரின் விவரத்தை ஒரே பதிவாகச் சேர்த்துத் தருவது இதன் வேலை. விற்கப் பல நிறுவனங்கள் வந்தன. ஆனால் விவரம் யாருடையது, ஒப்பந்தம் முறிந்தால் எதை எடுத்துச் செல்லலாம் என்ற கேள்விகளே, வசதிகளின் பட்டியலைவிட, ஒரு நிறுவனத்தைத் தேர்வதில் முக்கியம். செயின்ஸ்பரி இதற்கு விலை கொடுத்தே விடை கண்டது: 2018 பிப்ரவரியில் நெக்டரை 6 கோடி பவுண்டுக்கு வாங்கியது.