சின்னமும் சாட்சியும்

பழைய தில்லியில் ஞாயிறுதோறும் கூடும் நடைபாதைக் கடைகளைச் சுற்றிப் பார்ப்பது, தலைநகரில் வாழும் தமிழர் பலருக்கு வழக்கமான பொழுதுபோக்கு. சென்ற குளிர்காலத்தில் ஒருநாள் அவ்வாறு சென்றபோது, மங்கிய பட்டுத் துணியின்மேல் கிடந்த ஓர் உலோகச் சின்னம் நம் கண்ணில் பட்டது. முட்டை வடிவான இலை மாலை. அதன் நடுவே இடப்புறம் நோக்கிய நீர்மூழ்கிக் கப்பல். உச்சியில் ஸ்வஸ்திகத்தின்மேல் அமர்ந்த கழுகு. "நேதாஜியை ஏற்றிச் சென்ற கப்பலின் மாலுமி அணிந்தது" என்றார் கடைக்காரர். விலையும் அப்பெயருக்கு ஏற்ற விலையே.

நம்முடன் வந்திருந்த பெரியவர், மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தந்தையார் மலேயாவின் இரப்பர்த் தோட்டத்தில் உழைத்து, பின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர். சின்னத்தைக் கையில் எடுத்தவர் கீழே வைக்க மனம் கொள்ளவில்லை. "தம்பி, இது மெய்யானதுதானா? அப்பாவின் படத்துக்கு அருகே வைக்கலாமென்று தோன்றுகிறது" என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை காண முயன்றதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் வரலாறு. ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் வீரர்க்கெனத் தனிச் சின்னம் முதன்முதலில் 1918இல், முதல் உலகப் போரின் இறுதியாண்டில் ஏற்பட்டது. அதன் உச்சியில் இருந்தது பேரரசரின் மணிமுடி. இரண்டாம் உலகப் போர் தொடங்கியபின், 1939 அக்டோபர் 13ஆம் நாள் அச்சின்னம் மீண்டும் நிறுவப்பட்டது; முடியிருந்த இடத்தில் கழுகும் ஸ்வஸ்திகமும் ஏறின. பொதுவாக இரண்டு போர்ப் பயணங்களை முடித்தவர்க்கு அது வழங்கப்பட்டது. நார்வே நாட்டு நார்விக் துறைமுகப் போரில் ஜெர்மனி பத்து நாசகாரிக் கப்பல்களை இழந்தபின், 1940 ஜூன் 4இல் நாசகாரிக் கப்பல் வீரர்க்கு ஒரு சின்னம் பிறந்தது. கண்ணிவாரிக் கப்பலினர்க்கு அதே ஆண்டு ஆகஸ்டு 31இலும், வணிகக் கப்பல் வேடத்தில் கடல்களில் உலவிய துணைப் போர்க்கப்பலினர்க்கு 1941 ஏப்ரல் 24இலும் சின்னங்கள் ஏற்பட்டன. உலக உருண்டையின்மேல் பழைய நார்டியப் பாய்மரக் கப்பல் செல்வதாக அமைந்தது இக்கடைசிச் சின்னம். அத்தகைய கப்பல்களுள் ஒன்றான 'பிங்குவின்' 1941 மே 8இல் நம் இந்துமாக்கடலிலேயே பிரிட்டிஷ் போர்க்கப்பலால் மூழ்கடிக்கப்பட்டது. அதிலிருந்தோருள் பெரும்பாலோர் மாண்டனர்; அவர்களுள் அக்கப்பலில் சிறைப்பட்டிருந்தோரும் பலர்.

ஸ்வஸ்திகத்தைக் குறித்து ஒரு சொல் கூறியாக வேண்டும். வட இந்திய வணிகரின் கணக்கேட்டிலும், இல்லத்து வாயிலிலும் நாம் காணும் அம்மங்கலக் குறி வேறு. இச்சின்னத்தில் உள்ள குறி வேறு. இது ஹிட்லரின் கட்சிக் குறி. அறுபது லட்சம் யூதர்களைக் கொன்ற ஆட்சியின் முத்திரை. ஆராய்ச்சி, கல்வி போன்ற காரணங்களுக்கன்றி இதனைப் பொதுவிடத்தில் காட்டுவது இன்றும் ஜெர்மனியில் குற்றமாகும். ஆகவே இச்சின்னங்களைத் திரட்டுவோர் போற்றுதற்காக அன்றி, அறிதற்காகவே திரட்டுதல் வேண்டும். அறிதற்கென்று திரட்டும் பொருள் பொய்யானால், அறிவும் பொய்யாகிவிடும்.

இனிப் பொய்யையும் மெய்யையும் பிரித்தறியும் வழிகளைக் காண்போம். முதற்சான்று உலோகம். போரின் தொடக்கத்தில் செய்யப்பட்ட நல்ல சின்னங்கள் செம்பு மிகுந்த பித்தளைக் கலவையால் ஆனவை. பொன்முலாம் நன்கு பற்றியவை. செம்பு அருகியபின் துத்தநாகம் கையாளப்பட்டது. துத்தநாகத்தின்மேல் பூசிய பொன்முலாம் காலப்போக்கில் மங்கிச் சாம்பல் நிறம் தோன்றும். எண்பது ஆண்டுகளைக் கடந்த துத்தநாகச் சின்னம் புதுமணப்பெண்ணின் நகைபோல் பளபளத்தால் ஐயுறுவதே அறிவுடைமை.

இரண்டாவது, செய்முறை. எஃகு அச்சில் அழுத்தி எடுத்த சின்னத்தில் இலையின் நரம்பும் கழுகின் இறகும் கூர்மையாகத் தெரியும். மெய்ச்சின்னம் ஒன்றினின்று அச்சு எடுத்து அதில் உலோகத்தை உருக்கி ஊற்றினால், குளிரும்போது உலோகம் சுருங்கும். ஆதலின் போலி, மூலத்தைவிடச் சற்றே சிறிதாகும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கினால் சிறு குழிகளும் கொப்புளங்களும் புலப்படும். எனினும் போர்க்காலத்திலேயே வார்ப்பு முறையில் ஆனவையும் உண்டு. ஒரு குறியைக் கொண்டு தீர்ப்பளித்தல் தகாது. எடை, அளவு, பின்புறத்து ஊசி, ஊசியைத் தாங்கும் கொக்கி, செய்தோர் முத்திரை ஆகியவை அனைத்தும் ஒருமுகமாக ஒரே கதையைக் கூறுதல் வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 1957இல் மேற்கு ஜெர்மனி இயற்றிய சட்டம், போர்க்காலச் சின்னங்களை ஸ்வஸ்திகம் நீக்கி அணியலாம் என்று இசைவளித்தது. அவ்வாறு பின்னர்ச் செய்யப்பட்டவை போலிகள் அல்ல. சட்டம் ஏற்ற மறுவடிவங்கள். அவற்றைப் போர்க்காலத்தவை என்று விற்பதே பொய். எனவே ஒரே பொருள் ஒருவர் வாயில் மெய்யாகவும் மற்றொருவர் வாயில் பொய்யாகவும் நிற்கும்.

மூன்றாவது, தாள். சின்னம் பெற்றவருக்கு வழங்கிய சான்றிதழ், அவர் பெயர் பதிந்த சம்பளப் புத்தகம், பணியாற்றிய கப்பல், நாள் இவையே பொருளுக்கு உயிர். தாளையும் போலியாக்குவர். போருக்குப்பின் பரவிய வெண்மையூட்டும் வேதிப் பொருள் சேர்ந்த காகிதம், புற ஊதா ஒளியின்கீழ் நீலவெண்மையாக ஒளிரும். அவ்வாறு ஒளிர்வது போர்க்காலத் தாளாகாது என்று பெரிதும் ஐயுறலாம்.

இவற்றை மனத்திற்கொண்டு கடைக்காரரின் கதைக்கு வருவோம். 1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்திலிருந்து யு-180 என்னும் நீர்மூழ்கிக் கப்பலில் நேதாஜி சுபாஷ் சந்திர போசும் ஆபித் ஹசனும் புறப்பட்டது வரலாறு. ஏப்ரல் பிற்பகுதியில் மடகாஸ்கருக்கு அப்பால், கொந்தளிக்கும் கடலில் அவர்கள் ஐ-29 என்னும் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலுக்கு மாறினர். அடுத்த ஆண்டு, 1944 ஆகஸ்டில், யு-180 பிஸ்கே விரிகுடாவில் மறைந்தது; அப்போது அதிலிருந்த 56 பேரும் இறந்தனர். அவர்தம் சின்னமென்று ஒன்றைக் கூற வேண்டுமானால், யார் பெயரில், யார் கையிலிருந்து, எவ்வழியே வந்தது என்று காட்டியாக வேண்டும். உலோகம் மெய்யாக இருந்தாலும் கதை மெய்யாகிவிடாது. நீர்மூழ்கிச் சின்னம் ஆயிரக்கணக்கானோர் மார்பில் இருந்தது; எந்தச் சின்னத்திலும் கப்பலின் பெயர் இல்லை.

நாம் கடைக்காரரிடம், தாள் ஏதேனும் உண்டா என வினவினோம். இல்லை என்றார். உருப்பெருக்கியால் நோக்கினோம். கழுகின் இறகுகள் உருகிய மெழுகுபோல் மழுங்கியிருந்தன. இலைகளுக்கு இடையே சிறு குழிகள். இதனைப் பெரியவரிடம் கூற நமக்கே நாணமாக இருந்தது. அவர் சின்னத்தைத் துணியின்மேல் மெல்ல வைத்தார். "அவருக்கும் பிழைப்பு வேண்டுமல்லவா?" என்றதோடு சரி.

மாலையில் அவர் இல்லத்தில் காபி அருந்தும்போது, ஒரு தகரப் பெட்டியைக் கொணர்ந்தார். அதில் தந்தையாரின் சிறு குறிப்பேடு. அட்டை சிதைந்து, பென்சில் எழுத்து மங்கி, தாள் பழுத்திருந்தது. முதற்பக்கத்தில் பெயர், ஊர், சேர்ந்த நாள் ஆகியவை தமிழில் அவர் கையாலேயே எழுதப்பட்டிருந்தன. உள்ளே கூலிக் கணக்கு, கடிதம் எழுத வேண்டியவர் முகவரி, சில ஜப்பானியச் சொற்களின் பொருள்.

"இதை விற்றால் பத்து ரூபாய்கூடக் கிடைக்காது" என்று நகைத்தார் பெரியவர்.

எழுதியவர் யார், எங்கிருந்து எழுதினார், யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்று அனைத்தும் அவ்வேட்டிலேயே இருந்தன. காலையில் அச்சின்னத்திடம் நாம் தேடியவையும் இவையே. தந்தையார் படத்தின் அருகே இப்போது அக்குறிப்பேடு வைக்கப்பட்டிருக்கிறது. அயல்மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் இத்தகைய பெட்டிகள் பல இருக்கும். அவற்றைத் திறந்து, எது யாருடையது என்று உடனே எழுதி வைத்தல் நன்று. சொல்லக்கூடியவர் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.