வெண்துகில் வேட்பாளர்

தேர்தலில் நிற்போரை வேட்பாளர் என்பது இன்றைய வழக்கு. வேட்பு என்பது விருப்பம். ஆதலால் வேட்பாளர் ஆவார் விரும்புகின்றவர். இச்சொல் ஊன்றுவதற்கு முன்பு நாளேடுகளில் வழங்கிய அபேட்சகர் என்னும் வடசொல்லின் பொருளும் அதுவே. இவ்விரு சொற்களும் பதவி நாடுவோனின் உள்ளத்தைச் சுட்டுவன. பண்டை உரோமரோ அவனுடைய உடையைச் சுட்டினர். உரோமாபுரியில் பதவிக்கு நின்றவன் தன் மேலாடையாகிய தோகாவைச் சுண்ணக்கட்டி தேய்த்துப் பளிச்சென வெளுக்கச் செய்து, கூட்டத்தில் எவர் கண்ணுக்கும் தப்பாதபடி உலாவினான். அவ்வெண்மை பற்றி அவனுக்குக் காண்டிடாத்துஸ் என்று பெயர். ஆங்கிலத்தில் இன்றும் வழங்கும் காண்டிடேட் என்னும் சொல் அதன் வழித்தோன்றலே. ஆடையை இவ்வாறு வெளுப்பதைத் தடுக்கக் கி.மு. 432ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் பிறந்ததாக லிவி எழுதுகிறார். சட்டம் இருந்தது, வெளுப்பும் இருந்தது.

மற்றொரு சொல்லும் ஆசிரியர்கள் அறியத்தக்கது. அம்பீரே என்னும் இலத்தீன் வினைக்குச் சுற்றிவருதல் என்பது பொருள். வாக்குக் கேட்டு வீதிதோறும் சுற்றுவதை அம்பிட்டியோ என்றனர். கைக்கூலி கொடுத்துச் சுற்றும் குற்றத்தை அம்பிட்டுஸ் என்றனர். மனத்தின் உயர்வேட்கையைக் குறிக்க ஆங்கிலேயர் ஆளும் அம்பிஷன் என்ற சொல் இவ்வேரிலிருந்து கிளைத்ததாகும். முதலில் கால் நடந்தது. உள்ளத்து வேட்கைக்குப் பெயர் பின்னரே வந்தது.

அவர்கள் அவ்வாறு சுற்றியது எதற்காக? சம்பளத்திற்கு அன்று என்பது உறுதி. உரோமக் குடியரசில் உயர்பதவிகளுக்கு ஊதியமே கிடையாது. பதவிக்கும் பெருமைக்கும் ஹோனோர் என்ற ஒரே சொல் வழங்கியது. அப்பதவிகள் ஏணிப்படி போல ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருந்தன. சர்வாதிகாரியாக இருந்த சல்லா கி.மு. 81ஆம் ஆண்டளவில் இந்த ஏணியை ஒழுங்குபடுத்தினார். கருவூலப் பணி பார்க்கும் குவெஸ்டர் பதவிக்கு 30 வயது, நீதி வழங்கும் பிரீட்டர் பதவிக்கு 39, தலைமைப் பதவியாகிய கான்சலுக்கு 42 என வயது வரம்பு வகுக்கப்பட்டது. ஆண்டுதோறும் குவெஸ்டர் 20 பேர், பிரீட்டர் 8 பேர், கான்சல் 2 பேர். ஆகவே முதற்படியில் கால்வைத்த 20 பேரில் 18 பேருக்கு உச்சிப்படி இல்லை என்பது ஏணியில் ஏறும்போதே தெரிந்த கணக்கு. தெரிந்தும் ஏறினர். கான்சலானவருக்கு ஆட்சி ஓராண்டுதான். ஆனால் அந்த ஆண்டே அவர் பெயரால் வழங்கும். உரோமர் ஆண்டுகளை எண்ணால் குறிக்காமல், இன்னார் இருவர் கான்சலாக இருந்த ஆண்டு என்றே பெரும்பாலும் குறித்தனர். காலத்தின்மீதே தம் பெயரைப் பொறித்துவிடலாம் என்னும் ஆசைக்கு ஊதியம் எம்மாத்திரம்?

குலப்பெருமையும் பிடரியைப் பிடித்து உந்தியது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் பிணையாளாக உரோமுக்குக் கொண்டுவரப்பட்ட கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ், பெருங்குடியினரின் சாவுச் சடங்கை வியந்து வருணிக்கிறார். அக்குடியில் முன்பு பதவி வகித்து இறந்தோரின் முகச்சாயல் மாறாத முகமூடிகள் இல்லத்தில் வைத்துப் போற்றப்படும். குடும்பத்தில் ஒருவர் இறந்தால், உருவ ஒற்றுமை உடைய ஆட்கள் அம்முகமூடிகளை அணிந்து, அவரவர் வகித்த பதவிக்குரிய உடையோடு தேரேறி வருவர். மன்றத்தில் தந்த இருக்கைகளில் வரிசையாக அமர்வர். இறந்தவரின் மகன் மேடையேறித் தந்தையின் செயல்களையும், பின்னர் வீற்றிருக்கும் முன்னோர் ஒவ்வொருவரின் செயல்களையும் புகழ்ந்துரைப்பான். இளைஞன் ஒருவனுக்கு இதனினும் எழுச்சி தரும் காட்சி எது என்று பாலிபியஸ் வினவுகிறார். வினா நியாயமே. ஆயினும் அக்காட்சிக்கு மறுபக்கமும் உண்டு. முப்பாட்டனும் பாட்டனும் தந்தையும் தந்த இருக்கையில் வந்தமரும் வீட்டில் பிறந்தவனுக்கு, வெறுங்கையோடு சாவது எத்தகைய இழிவாகத் தோன்றியிருக்கும்!

முகமூடி இல்லாத வீட்டில் பிறந்தவர் சிசரோ. கி.மு. 106இல் அர்ப்பீனம் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய முன்னோரில் எவரும் உரோமில் பதவி வகித்ததில்லை. இத்தகையோரைப் 'புதிய மனிதர்' என்று பெருங்குடியினர் சற்றே ஏளனமாக அழைத்தனர். அவரைச் செலுத்திய வேட்கையின் தன்மையைக் காட்டும் ஒரு நிகழ்ச்சியை அவரே ஒரு வழக்குரையில் கூறியிருப்பதால் அது நமக்குக் கிட்டியுள்ளது.

கி.மு. 75இல் அவர் குவெஸ்டராகச் சிசிலித் தீவின் மேற்கே லிலிபேயத்தில் பணியாற்றினார். உரோமில் தானியத்திற்குத் தட்டுப்பாடு. சிசரோ பெருமளவு தானியம் அனுப்பினார். வணிகரிடம் நேர்மையாகவும் மக்களிடம் கனிவாகவும் நடந்தார். தீவினர் அவருக்குப் புதுப்புது மரியாதைகள் செய்தனர். உரோமில் தம்மைப் பற்றியன்றி வேறு பேச்சே இராது என்று எண்ணிக்கொண்டு ஊர் திரும்பினார். வழியில் புட்டியோலி. அது செல்வர்கள் வெந்நீர் ஊற்றில் நீராடக் கூடும் கடற்கரை ஊர். அங்கே எதிர்ப்பட்ட ஒருவர், உரோமிலிருந்து எப்போது புறப்பட்டீர், அங்கே என்ன புதினம் என்று கேட்டார். தாம் பணியாற்றிய மாகாணத்திலிருந்து வருவதாகச் சிசரோ சொன்னார். ஆம், ஆம், ஆப்பிரிக்கா அல்லவா என்றார் அவர். சிசரோவுக்குச் சினம் பொங்கியது. இல்லை, சிசிலி என்றார். உடனே எல்லாம் அறிந்தவர் போல் இன்னொருவர் குறுக்கிட்டு, இவர் சிரகூசில் குவெஸ்டராக இருந்தது உமக்குத் தெரியாதா என்று முன்னவரைக் கடிந்தார். சிரகூஸ் தீவின் கிழக்கு மூலை. சிசரோ இருந்ததோ மேற்கு மூலை! அதற்குமேல் என்ன சொல்வது? சினத்தை விழுங்கிவிட்டு, நீராட வந்த கூட்டத்தில் தாமும் ஒருவராகக் கலந்துகொண்டார்.

இதிலிருந்து அவர் கற்ற பாடம்தான் நம்மை வியக்கவைப்பது. தொலைவில் செய்யும் நற்பணி வீண் என்று அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. உரோம மக்களுக்குக் காது மந்தம், கண் கூர்மை என்றார். ஆகவே தம் பெயர் அவர்கள் காதில் விழவேண்டும் என்ற கவலையை விட்டு, நாள்தோறும் அவர்கள் கண்ணில் படுவதே வழி எனத் துணிந்தார். மன்றத்தை விட்டு அகலவில்லை. தம்மைக் காண வந்தவரை வாயிற்காவலனோ தம் உறக்கமோ தடுத்ததில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டார். கி.மு. 70இல் சிசிலியைக் கொள்ளையடித்த ஆளுநர் வெர்ரீசின்மேல் வழக்குத் தொடுத்து வென்றார். படிகள் அனைத்தையும் உரிய வயதில் ஏறி, கி.மு. 63இல் கான்சலானார். புதிய மனிதர் ஒருவருக்கு அப்பதவி கிட்டி ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அத்தேர்தலுக்காக அவருடைய தம்பி குயின்டஸ் எழுதியது என்று சொல்லப்படும் சிறு கைந்நூல் ஒன்று உளது. அது பிற்காலத்தார் புனைந்தது என வாதிடும் அறிஞரும் உண்டு. யார் எழுதியதாயினும் உரோம வழக்கம் அறிந்தவர் எழுதியதே. வாக்காளரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும், எவர் கேட்டதையும் மறுக்கலாகாது, நிறைவேற்ற முடியாததையும் ஒப்புக்கொள்வது நேரே மறுப்பதைக் காட்டிலும் தீங்கு குறைந்தது என்பன அதன் அறிவுரைகள். பெயர்களை நினைவூட்டுவதற்கென்றே நோமென்கிளேட்டர் எனப்படும் அடிமை ஒருவன் வேட்பாளன் பக்கத்தில் நடந்து, எதிரே வருபவரின் பெயரைக் காதில் ஓதுவான்.

சுற்றுவதற்குப் பொருள் வேண்டும். சீசரின் வரலாறு இதற்குச் சான்று. எப்பதவியும் பெறுமுன்பே அவருக்கு 1,300 தாலந்து கடன் இருந்ததாகப் புளூட்டார்க் எழுதுகிறார். கி.மு. 65இல் விழாக்களை நடத்தும் ஈடைல் பதவி வகித்தபோது 320 இணை வாட்போர் வீரரை மக்கள் முன் இறக்கினார். கி.மு. 63இல் தலைமைக் குருக்கள் பதவிக்கு நின்றார். எதிர்த்து நின்ற முதியவர் கேட்டுலஸ், விலகிக்கொண்டால் பெருந்தொகை தருவதாகச் சொல்லியனுப்ப, அதைவிடப் பெருந்தொகை கடன் வாங்கியேனும் போட்டியிடுவேன் என்று மறுமொழி வந்தது. தேர்தல் நாட்காலையில் கண்ணீரோடு வழியனுப்பிய தாயிடம், தலைமைக் குருக்களாகத் திரும்புவேன், இல்லையேல் நாடுகடந்து போவேன் என்று சொல்லிச் சென்றாராம். வென்றார். கி.மு. 61இல் ஸ்பெயின் நாட்டு ஆளுநராகப் புறப்படும்போது கடன்காரர் மறித்துக்கொள்ள, பெருஞ்செல்வர் கிராசஸ் 830 தாலந்துக்குப் பிணை நின்றார்.

இக்கடனை அடைப்பது மாகாணத்து மக்களின் தலையில் விடிந்தது. ஊதியமற்ற பதவியின் உட்பொருள் இதுவே. வெர்ரீஸ் தன் மூன்றாண்டு வருவாயைப் பங்கிட்ட வகையைச் சிசரோ வெளிப்படுத்துகிறார்: ஓராண்டுக் கொள்ளை தனக்கு, ஓராண்டுக் கொள்ளை தன்னைக் காக்கும் வழக்குரைஞருக்கும் புரவலருக்கும், கொழுத்த ஓராண்டுக் கொள்ளை முழுவதும் நீதிபதிகளுக்கு.

கைக்கூலியை ஒழிக்கச் சட்டங்கள் வந்துகொண்டே இருந்தன. கி.மு. 67இல் ஒன்று, கி.மு. 63இல் சிசரோவே கொண்டுவந்த மற்றொன்று, குற்றவாளிக்குப் பத்தாண்டு நாடுகடத்தல் விதித்தது. அதே ஆண்டில், மறு ஆண்டுக்குக் கான்சலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முரேனா அச்சட்டத்தின்கீழ்க் குற்றஞ்சாட்டப்பட்டார். வழக்குத் தொடுத்தோர் தோற்ற வேட்பாளராகிய சட்ட அறிஞர் சல்பீசியசும், நேர்மைக்குப் பேர்போன கேட்டோவும். முரேனாவுக்காக எழுந்து வாதாடியவர் யார்? சட்டம் இயற்றிய சிசரோவேதான்! நாட்டுக்கு ஆபத்துச் சூழ்ந்த வேளையில் போர் அறிந்த கான்சல் ஒருவர் தேவை என்றார். கேட்டோவின் கண்டிப்பைக் கேலி செய்து அவையைச் சிரிக்கவைத்தார். முரேனா விடுதலையானார்.

ஆபத்து என்றது பொய்யன்று. இருமுறை கான்சல் பதவிக்கு நின்று தோற்ற காட்டிலீன் என்னும் உயர்குடியாளன், கடனில் மூழ்கியோரைத் திரட்டிக் கலகத்திற்கு எழுந்திருந்தான், கி.மு. 62இன் தொடக்கத்தில் போரில் மாண்டான். தன் உழைப்பின் பயனும் மதிப்பும் பறிக்கப்பட்டதனாலேயே இத்துணைத் தூரம் வந்ததாக அவன் எழுதிய மடலைச் சாலஸ்ட் தந்துள்ளார். மாறாக, கேட்டோ கி.மு. 51ஆம் ஆண்டுக்குரிய கான்சல் பதவிக்கு நின்றபோது கைக்கூலி கொடாமலும் வழக்கப்படி கெஞ்சாமலும் இருந்து தோற்றார். தோற்ற அன்றே எண்ணெய் தேய்த்துக்கொண்டு பந்தாடப் போய்விட்டார். இப்படி ஒருவரும் அவ்வூரில் இருந்தார் என்பது குறிக்கத்தக்கது.

சாலஸ்டைப் பற்றியும் ஒரு சொல். இளமையில் அரசியலுக்குள் ஈர்க்கப்பட்டவர், கி.மு. 50இல் செனட் அவையிலிருந்து நீக்கப்பட்டவர். பின்னர்ச் சீசரின் தயவால் ஆப்பிரிக்க மாகாணம் ஒன்றை ஆண்டு, அதைச் சுரண்டினார் என்ற பழியும் சுமந்தவர். ஒதுங்கிய பின் எழுதிய நூலில், பதவி வேட்கை குற்றமே ஆயினும் நற்பண்பிற்கு அணித்தான குற்றம், பொருளாசையே அதனினும் கொடிது என்று பாகுபடுத்துகிறார். இரண்டையும் சுவைத்தவர் கூற்றாதலின் அதனை எளிதில் தள்ளிவிட முடியாது.

பதவி பிற்காலத்தில் கேடயமும் ஆயிற்று. கி.மு. 60இல் சீசர் ஸ்பெயினிலிருந்து வெற்றியோடு திரும்பினார். வெற்றி உலா வேண்டின் அதுவரை நகரத்துக்கு வெளியே தங்க வேண்டும். கான்சலுக்கு நிற்க நகரத்துக்குள் நேரில் வரவேண்டும். விலக்குக் கேட்டார்; கேட்டோ பொழுது சாயும்வரை பேசியே அதைக் கெடுத்தார். சீசர் உலாவைக் கைவிட்டுப் பதவியைத் தேர்ந்துகொண்டார். பதினோராண்டு கழித்து அதே சிக்கல் பெரிதாகி வந்தது. இம்முறை பதவியும் படையும் இன்றி நகருக்குள் வந்தால் வழக்கு மன்றம் காத்திருந்தது. கி.மு. 49 சனவரியில் படையோடு ரூபிகன் ஆற்றைக் கடந்தார். மறு ஆண்டு ஃபார்சலஸ் களத்தில் வீழ்ந்துகிடந்த உரோமரைப் பார்த்து, படையின் உதவியை நாடாதிருந்தால் தாம் தண்டனைக்கு ஆளாகியிருப்பார் என்று அவர் கூறியதாகச் சுவெட்டோனியஸ் குறித்துள்ளார்.

குடியரசு அதன்பின் நெடுநாள் வாழவில்லை. கி.பி. 14இல் தைபீரியஸ் ஆட்சியில் உயர்பதவித் தேர்வு மக்கள் கையிலிருந்து செனட் அவைக்கு மாறியது. ஆனால் சிற்றூர்களில் தேர்தல் ஓயவில்லை. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பல் மூடிய பாம்ப்பே நகரின் சுவர்களில் 2,500க்கு மேற்பட்ட தேர்தல் விளம்பரங்கள் கிடைத்துள்ளன. சுண்ணாம்பு பூசிய சுவரில் செவ்வண்ணத்தாலும் கருவண்ணத்தாலும் எழுதப்பட்டவை. பழவணிகர் எல்லாரும் ஒருவரை ஆதரிக்கின்றனர். மதுக்கடைச் சுவரில் பெண்களின் பெயரால் ஆதரவு காணப்படுகிறது. ஈடைல் பதவிக்கு நின்ற வாத்தியா என்பவருக்குத்தான் விந்தையான கூட்டம் சேர்ந்திருக்கிறது: ஒரு சுவரில் சில்லறைத் திருடர்களும், இன்னொன்றில் நெடுநேரம் குடிப்போரும், வேறொன்றில் உறங்குவோர் அனைவரும் அவருக்கு வாக்களிக்குமாறு வேண்டுகின்றனர். எதிர்க்கட்சியாரின் குறும்பு இது என்பது அறிஞர் பலர் கருத்து.