மாவில் தோய்த்துப் பொரித்த பழமும் அம்மாவின் வாய்ப்பனும்

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்த எங்களுக்குக் கொடிகாமத்தில் ஒரு வீட்டின் விறாந்தை கிடைத்தது. மூன்று குடும்பம், ஏழு பிள்ளைகள். ஒரு நாள் வீட்டுக்கார அம்மா தோல் கறுத்த கதலிப்பழம் நாலு கொண்டு வந்து தந்தார். "பங்கு போட்டால் சண்டைதான் வரும்" என்று சொல்லிவிட்டு, நிவாரண மாவில் இரண்டு சுண்டு அளந்து எடுத்தார் அம்மா. பொச்சுமட்டை அடுப்பில் இருபத்துநாலு வாய்ப்பன் வந்தது.

இப்போது நான் செய்வதும் அதே அளவுதான். ஒரு சுண்டு, அதாவது ஒரு ரின்பால் பேணி கோதுமை மாவுக்கு இரண்டு கதலி, நாலு மேசைக்கரண்டி சீனி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு சிட்டிகை அப்பச்சோடா. பழத்தைச் சீனியோடு கையால் பிசைந்தால் அதுவே இளகி நீர் விடும். அதற்குப் பிறகுதான் மாவைச் சேர்க்க வேண்டும். இறுகினால் மட்டும் கொஞ்சம் தண்ணீர். விரலில் ஒட்டிக்கொண்டு மெதுவாக விழும் பதம் போதும். அரை மணித்தியாலம் மூடி வைத்து, தேசிக்காய் அளவில் கிள்ளிப் போடலாம். சீனியும் பழமும் சேர்ந்திருப்பதால் வெளிப்புறம் கெதியில் கறுக்கும், உள்ளே மா வேகாது. அதனால் நெருப்பைக் குறைத்தே பொரிக்க வேண்டும். நான் முதலில் தனியாகச் செய்தபோது பன்னிரண்டில் ஏழு உள்ளே பச்சை.

துண்டு பழத்தைத் தோய்த்துப் பொரிப்பது வேறு வேலை. இதற்கு நன்றாகக் கனிந்த பழம் உதவாது, மஞ்சளாகி இன்னும் இறுக்கமாக இருக்கும் பழம் வேண்டும். ஒரு சுண்டு கோதுமை மாவுடன் இரண்டு மேசைக்கரண்டி அரிசி மா, உப்பு, கொஞ்சம் சீனி. தண்ணீரை முக்கால் சுண்டுக்குள் சிறிது சிறிதாக விடுங்கள். கோதுமை மாவை அதிகம் அடித்தால் இழுவைப் பிடித்துப் பூச்சு தோல்போல் ஆகிவிடும். சிறு கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். மொறுமொறுப்பைத் தருவது அரிசி மாதான்.

பூச்சு கழன்று எண்ணெயில் மிதப்பதாகப் பலரும் சொல்வார்கள். காரணம் பழத்தின் ஈரம். அன்னாசியில் இது மோசம். துண்டுகளைத் துணியில் ஒற்றி, வெறும் மாவில் ஒருமுறை புரட்டிவிட்டுத் தோய்த்தால் பிடித்துக்கொள்ளும். பலாச்சுளைக்கும் இதே வழிதான், கொட்டையை எடுத்துவிட்டு இரண்டாகக் கிழித்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்ச் சூட்டுக்கு அம்மாவின் சோதனை ஈர்க்கு. நுனியைத் தாச்சியில் வைத்தால் சுற்றிக் குமிழி வர வேண்டும். புகை வந்தால் சூடு கூடிவிட்டது, இறக்கி ஆற விடுங்கள். ஒரு தடவையில் நாலைந்துக்கு மேல் போட்டால் சூடு இறங்கி எண்ணெயைக் குடிக்கும். எண்ணெய் விற்கிற விலைக்கு அது கட்டாது. சிறிய தாச்சி பாவித்தால் குறைந்த எண்ணெயிலேயே மூழ்கும்.

தோய்த்துப் பொரித்தது அரை மணித்தியாலத்தில் பதம் போய்விடும், சுடச்சுடச் சாப்பிட வேண்டும். வாய்ப்பன் மறுநாளும் தாங்கும். அன்று ஏழு பிள்ளைகளுக்கும் மும்மூன்று கொடுத்து, மிஞ்சிய மூன்றையும் அம்மா பேணிக்குள் போட்டு மூடி வைத்தார். ஐயா நிவாரண வரிசையில் நின்றுவிட்டு மறுநாள் மத்தியானம்தான் வந்தார். அப்போதும் அவை மெதுமெதுவென்றுதான் இருந்தன.