அழைக்காமல் வந்த பெடியள்: ஒரு சுவரின் வரலாறு

அமெரிக்கன் புட்போலில் பந்து கையில் இருக்கிற அணிக்கு 11 பேர். அதில் ஐந்து பேருக்குப் பந்தோடு கிட்டத்தட்ட ஒரு வேலையும் இல்லை. நடுவில் நிற்கிறவர் குனிந்து, கால்களுக்கு இடையால் பந்தைப் பின்னுக்குக் கொடுப்பார். அதோடு சரி. பிறகு அவரும் பக்கத்தில் நிற்கிற நாலு பேரும் சேர்ந்து, பின்னால் நிற்கிறவனை அடிக்க ஓடி வருகிற ஆக்களை மறிக்க வேணும். இவர்களைத்தான் ஒஃபென்சிவ் லைன்மன் என்கிறார்கள். கண்டியிலோ கொழும்பிலோ றக்பி பார்த்த ஆக்கள் ஸ்க்ரம்மின் முன்வரிசையை நினைச்சுக்கொள்ளுங்கோ. ஒரு வித்தியாசம்: இங்கே அந்த மோதல் ஒரு மெட்ச்சில் அறுபது எழுபது தடவை நடக்கும்.

ஓடுகிறவன் எத்தனை யார் ஓடினான், எறிகிறவன் எத்தனை எறிந்தான், பிடிக்கிறவன் எத்தனை பிடித்தான் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கு. மறிக்கிறவனுக்கு ஸ்கோர் அட்டையில் ஒரு கட்டம்கூட இல்லை. அவன் பிழை விட்டால் மட்டும் நடுவர் அவனுடைய இலக்கத்தை ஒலிபெருக்கியில் சொல்லுவார்.

கணக்கில் வராத ஆளை எப்படித் தேடிப் பிடிக்கிறது? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் மத்திய மேற்கில் இரண்டு மாநிலங்கள் ஒரு பதில் கண்டுபிடித்தன. நெப்ராஸ்காவும் விஸ்கொன்சினும். அந்தப் பதில் 50 வருசம் வேலை செய்தது. இப்ப அதுக்கு ஆபத்து வந்திருக்கு. அதனால்தான் இந்த வரலாற்றை இப்ப எழுதவேண்டியிருக்கு.

முதலில் அங்கத்தைய முறையைச் சுருக்கமாகப் பார்ப்போம். பல்கலைக்கழக அணிகள் பாடசாலைப் பெடியன்களைத் தேடிப் போய், படிப்புச் செலவு முழுவதையும் பொறுக்கும் புலமைப்பரிசில் கொடுத்து எடுக்கும். பயிற்றுநர்கள் அதிகம் அலைவது ரெக்சாஸ், புளோரிடா, கலிபோர்னியா மாதிரியான இடங்களில். வேகம் என்பது 17 வயதிலேயே தெரிகிற சாமான். ஸ்டொப்வோச் இருந்தால் போதும். ஆனால் லைன்மனின் உடம்பு அப்படி இல்லை. 17 வயதில் நெடுவலாக, 100 கிலோவோடு, கையும் காலும் எங்கே போகிறது என்று தெரியாமல் நிற்கிற பெடியன், 22 வயதில் 135 கிலோ மலையாக நிற்கலாம். நிற்காமலும் போகலாம். அதை 17 வயதில் பார்த்துச் சொல்லுறது கிட்டத்தட்டச் சாத்திரம் பார்க்கிற மாதிரி.

அதோடு அவன் சின்னக் கிராமத்துப் பெடியன் என்றால் இன்னும் கஷ்டம். எதிரில் நிற்கிற எல்லாரும் அவனைவிடச் சின்ன ஆக்கள். அவன் அவர்களைத் தள்ளி விழுத்துகிற வீடியோ ஒன்றையும் நிரூபிக்காது. நெப்ராஸ்காவின் பல கிராமப் பாடசாலைகளில் 11 பேரைச் சேர்க்கவே மாணவர்கள் காணாது. எட்டுப் பேர் விளையாடுகிற புட்போல்தான் அங்கே நடக்குது. தூரத்து மாநிலத்தில் இருந்து ஒரு பயிற்றுநர் சோளக்காட்டுக்கு நடுவால் மூன்று மணித்தியாலம் கார் ஓட்டி அதைப் பார்க்க வருவாரா?

உள்ளூர்க்காரர் வருவார்.

நெப்ராஸ்காவில் 1990இல் மொத்தச் சனத்தொகையே ஏறத்தாழ 16 இலட்சம். முதற்தரப் புட்போல் ஆடுகிற பல்கலைக்கழகம் அங்கே ஒன்றே ஒன்று, லிங்கன் நகரில். பொப் டெவானி 1962இல் அங்கே பயிற்றுநராக வந்தார். அந்த வருசம் நவம்பரில் இருந்து அந்த மைதானத்தின் ரிக்கெட்டுகள் ஒவ்வொரு மெட்ச்சுக்கும் விற்றுத் தீருது. ஆக, மாநிலத்தில் உள்ள ஒவ்வொரு பெடியனுக்கும் இருந்த கனவு ஒன்றுதான். புலமைப்பரிசில் கிடைக்காவிட்டாலும், சொந்தக் காசில் சேர்ந்து, பயிற்சிக்கு வந்து, தன்னை ஒருக்காப் பாருங்கோ என்று நிற்கத் தயாரான பெடியள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். இப்படி வருகிறவர்களை ‘வாக்-ஒன்’ என்கிறார்கள். அழைக்காமல் நடந்து வந்தவன்.

இந்தப் பெடியளின் பெறுமதியைக் கூட்டியது ஒரு சட்டம். 1973 வரைக்கும் வசதியான பல்கலைக்கழகங்கள் புலமைப்பரிசில்களை அள்ளிக் கொடுத்து ஆக்களைக் குவித்து வைக்க முடிந்தது. 1973இல் தேசிய விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ, செலவைக் குறைப்பதற்காக, ஒரு அணிக்கு மொத்தம் 105 புலமைப்பரிசில் என்று வரம்பு போட்டது. 1978இல் அது 95 ஆனது. 1994இல் 85. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. புலமைப்பரிசிலுக்குத்தான் வரம்பு. அணியில் நிற்கிற ஆக்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை.

அதே 1973இல்தான் டெவானியின் இடத்துக்கு ரொம் ஒஸ்போர்ன் வந்தார். அவர் ஹேஸ்ரிங்ஸ் என்கிற நெப்ராஸ்கா ஊரில் பிறந்த ஆள், கல்வி உளவியலில் கலாநிதிப் பட்டம் எடுத்தவர். மற்ற அணிகள் ஆளைக் குறைக்க, அவர் உள்ளூர்ப் பெடியன்களுக்குக் கதவைத் திறந்து வைத்தார். ஆனால் கதவைத் திறந்தால் மட்டும் காணாது. உள்ளே வந்தவனை வளர்க்கிற ஏற்பாடும் வேணும். அது அங்கே ஏற்கெனவே இருந்தது. 1969இலேயே போய்ட் எப்லி என்பவரை வீரர்களின் பலப் பயிற்சிக்கென்றே சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். வேறு பல இடங்களில் பாரம் தூக்கினால் வேகம் குறைஞ்சுபோகும் என்று பயந்துகொண்டிருந்த காலம் அது. லைன்மன்களுக்கு மில்ற் ரெனோபிர் என்கிற ஒரே பயிற்றுநர் 1974இல் இருந்து 2002 வரைக்கும் இருந்தார். அதோடு ‘ரெட்ஷேர்ட்’ என்று ஒரு முறை. ஐந்து வருசம் படித்து, அதில் நாலு வருசம் மட்டும் விளையாடலாம். முதல் வருசம் மெட்ச் இல்லை. சாப்பிடு, பாரம் தூக்கு, பெரிய ஆக்களிடம் அடி வாங்கிப் பழகு.

17 வயதில் பிடித்து 21 வயது வரைக்கும் பொறுமையாக இருக்கிறது, அவ்வளவுதான் இரகசியம். பேர் என்கிற மிகச் சின்னக் கிராமத்தில் இருந்து வந்த டீன் ஸ்ரைன்கூலர் 1983இல் நாட்டின் சிறந்த லைன்மனுக்கான அவுட்லாண்ட் விருதை எடுத்தார். 1994 அணியின் ஐந்து லைன்மன்களில் மூன்று பேர் நெப்ராஸ்காப் பெடியள்: ஃபிரீமொன்ரில் இருந்து சாக் வீகேர்ட், ஹேஸ்ரிங்ஸில் இருந்து ஜோயல் வில்க்ஸ், லிங்கனில் இருந்து ரொப் சடெச்கா. அந்த வருசம் அணியின் முக்கிய ஆட்டக்காரர் ரொமி ஃபிரேசியர் இரத்தக்கட்டி வந்து நடுவில் நின்றுபோனார். ஆனாலும் அந்த வரிசையின் முதுகில் ஏறி அணி 13 மெட்ச்சும் வென்று தேசிய சம்பியன் ஆனது. சடெச்கா பிறகு டொக்டர் ஆகிவிட்டார்.

இனி விஸ்கொன்சின். 1960களில் டெவானியின் கீழ் விளையாடிய பாரி அல்வாரெஸ் என்பவர் 1990இல் அங்கே பயிற்றுநராக வந்தார். அதற்கு முந்தைய மூன்று வருசத்தில் அந்த அணி மொத்தமாக வென்றது ஆறே ஆறு மெட்ச். மைதானத்தில் பாதி காலி. அவருடைய முதல் வருசமும் ஒரு வெற்றி, பத்துத் தோல்வி. ஆனால் நெப்ராஸ்காவில் கண்டதை அவர் மறக்கவில்லை. விஸ்கொன்சினிலும் முதற்தர அணி ஒன்றுதான், அங்கேயும் பண்ணைகள், பெரிய உடம்புக்காரப் பெடியள். மாநிலத்தைச் சுற்றி வேலி போட்டு, உள்ளூர்ப் பெடியளை வெளியே விடாமல் எடுக்கவேணும் என்று நினைத்தார். வாக்-ஒன்களை அவர் அழிறப்பர் என்று சொல்லுவார். புலமைப்பரிசில் கொடுக்கும்போது விட்ட பிழைகளை அவர்கள்தான் அழிச்சுத் தருகிறார்களாம்.

அவருடைய முதல் பெரிய அழிறப்பர் ஜோ பனோஸ். கிரேக்கக் குடும்பத்துப் பிள்ளை, புறூக்ஃபீல்ட் ஊர்க்காரர். யாரும் அழைக்காததால் மூன்றாந்தரப் பிரிவில் ஆடுகிற ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, பிறகு வாக்-ஒன்னாக இங்கே வந்தார். 1993இல் அவர் அணித் தலைவர். ‘ஏன் விஸ்கொன்சினாக இருக்கக்கூடாது?’ என்று அவர் கேட்ட கேள்வி அந்தப் பருவத்தின் சுலோகமாகவே மாறியது.

அந்த வருசம் ஒக்டோபர் 30ஆம் திகதி மிச்சிகனை வென்றதும் மாணவர்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். கம்பிவேலியில் நெரிபட்டு ஆள்மேல் ஆள் விழுந்து, 70 பேருக்கு மேல் காயம். சிலருக்கு மூச்சே நின்றுபோயிருந்தது. பனோஸ் உட்பட வீரர்கள் சிலர் திரும்பி ஓடிவந்து, குவியலுக்குள் கிடந்தவர்களை இழுத்து வெளியே எடுத்தார்கள். ஒருவரும் சாகவில்லை. மற்றவர்களை மறிக்கவும் தூக்கவும் பழக்கிய அந்த உடம்புகள் அன்றைக்குச் செய்த வேலை எந்தப் புள்ளிவிபரத்திலும் இல்லை. இரண்டு மாதம் கழித்து, 1994 ஜனவரி 1ஆம் திகதி, ரோஸ் போல் மெட்ச்சில் யூசிஎல்ஏ அணியை 21-16 என்று வென்றார்கள். விஸ்கொன்சினின் முதலாவது ரோஸ் போல் வெற்றி அது.

அதுக்குப் பிறகு அது ஒரு மரபாகிவிட்டது. 1999இல் நாட்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதை எடுத்த ரொன் டேன் நியூ ஜேர்சியில் இருந்து வந்தவர். ஆனால் அவருக்கு வழி வெட்டின ஐந்து பேரில் மூன்று பேர் உள்ளூர். அதில் மார்க் ரவுஷர், ஓபர்ண்டேல் என்கிற குக்கிராமத்தில் இருந்து வந்த வாக்-ஒன். 2000ஆம் ஆண்டு தொழில்முறை அணிகளின் தெரிவில் அவருடைய இடம் 224. கிறீன் பே பக்கர்ஸ் அணி எடுத்தது. முதல் வருசமே நிரந்தர இடம் பிடித்து, 2010 வரைக்கும் அந்த அணியிலேயே நின்றார். பந்தை மறித்து ஆடுகிற பக்கத்து லைனிலும் இதே கதை உண்டு. ஜேஜே வொட் வேறொரு பல்கலைக்கழகத்தில் இருந்த புலமைப்பரிசிலை விட்டுவிட்டு, ஊருக்கு வந்து பீட்சா விநியோகம் செய்து, விஸ்கொன்சினுக்கு வாக்-ஒன்னாகப் போனார். பிறகு மூன்று தடவை தொழில்முறைப் புட்போலின் சிறந்த தடுப்பாட்ட வீரர்.

இவ்வளவும் கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் வென்றவனின் பெயரை மட்டும் சொல்லி முடித்தால் அது வரலாறு இல்லை, விளம்பரம். ஒரு ரவுஷருக்குப் பின்னால் பெயர் தெரியாத பல பெடியள் இருக்கிறார்கள். கிழமை முழுக்க, அடுத்து வரப்போகிற எதிரணி மாதிரி ஆடிக்காட்டி, முதல்தர ஆக்களிடம் அடி வாங்குவதுதான் அவர்களுடைய வேலை. சனிக்கிழமை மெட்ச்சில் அவர்கள் ஓரத்தில் நிற்பார்கள். படிப்புச் செலவு சொந்தக் காசு, இல்லாவிட்டால் கடன். 2014 வரைக்கும், புலமைப்பரிசில்காரனுக்குப் போடுகிற சாப்பாட்டை வாக்-ஒன்னுக்கு இலவசமாகக் கொடுக்க என்சிஏஏ விதி விடவில்லை. 135 கிலோவுக்கு வளரவேண்டிய பெடியன், அதே பயிற்சியை முடித்துவிட்டு, தன்னுடைய சாப்பாட்டைத் தானே காசு கொடுத்துச் சாப்பிடவேணும்.

இன்னொரு கேள்வியும் இருக்கு. ‘உள்ளூர்’ என்றால் யார்? இரண்டு மூன்று வருசம் சம்பளமோ உதவியோ இல்லாமல் காத்திருக்க எல்லா வீட்டுப் பிள்ளைகளாலும் ஏலாது. காணியும் பண்ணையும் உள்ள குடும்பம் ஒருவேளை தாங்கும். மில்வோக்கி நகரத்தில் வாடகை வீட்டில் இருக்கிற ஒரு கறுப்பினத் தாயின் மகனுக்கு அந்தக் காத்திருப்பு எவ்வளவு தூரம் சாத்தியம்? கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் வாசலுக்கு வர பஸ் காசு வேணும். இந்தக் கதையை ‘கடின உழைப்பு வெல்லும்’ என்று மட்டும் சொல்லுறவர்கள் இந்தப் பக்கத்தைச் சொல்லுறதில்லை.

இப்ப அந்தக் கதவுக்கு என்ன நடக்குது? 2025 ஜூன் 6ஆம் திகதி நீதிபதி குளோடியா வில்கன் ஒரு பெரிய வழக்கின் இணக்கப்பாட்டை அங்கீகரித்தார். அதன்படி பல்கலைக்கழகங்கள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகக் காசு கொடுக்கலாம். முதல் வருசத்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறத்தாழ 2 கோடி டொலர் வரை. பல்லாண்டு காலம் வீரர்களின் உடம்பை வைத்துக் கோடிகள் சம்பாதித்துவிட்டு, அவர்களுக்குக் கூலி இல்லை என்று சொன்ன முறைக்கு இது ஒரு முடிவு. நியாயமான முடிவு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் அதே இணக்கப்பாட்டில் 85 என்கிற புலமைப்பரிசில் வரம்பு போய், வேறொரு வரம்பு வந்தது. இதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களின் புட்போல் அணியில் மொத்தமே 105 பேர்தான் நிற்கலாம். 1973இல் திறந்து கிடந்த ஓட்டை அடைபட்டுவிட்டது. முன்பு 120, 130 பேர் வைத்திருந்த அணிகள் ஆளைக் கழிக்கத் தொடங்கின. கழிபட்டவர்களில் அதிகம் பேர் வாக்-ஒன்கள். நீதிபதி வற்புறுத்தியதால், ஏற்கெனவே இருந்தவர்களுக்கு மட்டும் விதிவிலக்குக் கிடைத்தது. இனி வரப்போகிற 17 வயதுப் பெடியனுக்கு அது இல்லை. அதோடு இப்ப வீரர்கள் இலகுவாக அணி மாறலாம். ஐந்து வருசம் பொறுத்து ஒருவனை வளர்க்கிறதைவிட, வேறு அணி வளர்த்த 21 வயது ஆளைக் காசு கொடுத்து எடுக்கிறது பயிற்றுநருக்குச் சுகம். வளர்த்த பெடியன் அடுத்த வருசம் இருப்பானா என்றும் தெரியாது.

ஆக, உழைப்பவனுக்குக் கூலி கிடைத்தது. இன்னும் உழைக்கத் தயாராகாதவனுக்கு இருந்த காத்திருப்பு அறை சுருங்கிப்போனது. இரண்டும் ஒரே தீர்ப்பில் நடந்தது. கூலி கொடுத்ததால்தான் கதவு அடைபட்டது என்று முடிவு கட்ட நான் தயாரில்லை. 105 என்கிற எண்ணை யாரோ ஒரு மேசையில் இருந்து தெரிவு செய்தார்கள். 130 என்றும் தெரிவு செய்திருக்கலாம், அந்த 130 பேருக்கும் சாப்பாடும் படிப்பும் கொடுத்திருக்கலாம். இரண்டு கோடி டொலர் கணக்கில் அது பெரிய தொகை இல்லை.

ஓபர்ண்டேல் மாதிரி ஒரு ஊரில் இந்த வருசமும் ஒரு நெடுவல் பெடியன் இருப்பான். இன்னும் உடம்பு வைக்காதவன், கணக்கில் எங்கேயும் வராதவன். அவன் நல்லவனா கெட்டவனா என்று சொல்ல இன்னும் நாலு வருசம் வேணும். அந்த நாலு வருசத்தின் செலவை ஆர் பொறுக்கிறது என்பதுதான் கேள்வி. முன்பு அவனுடைய குடும்பம் பொறுத்தது. இப்ப ஒருவரும் இல்லை.