ரெண்டு ஊரு இறைச்ச தண்ணி

பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே, பல்லடம் பக்கம் நம்ம காடு. கணவாயைத் தாண்டி மேற்கே கடற்கரைக்குப் போனா குட்டநாடு. அங்க வருஷத்துக்கு 3000 மில்லிமீட்டர் ஒட்டி மழைங்க. இங்க 600, 700 பெஞ்சாலே நல்ல வருஷம். ஆடியில கணவாய் வழியா காத்துதான் நமக்கு வரும்; மழையை அந்தப் பக்கமே கொட்டிட்டு வரும்.

தாத்தா காலத்துல இங்க கவலை இறைச்சாங்க. பாறையை வெடி வெச்சுத் தோண்டின கிணறு, ரெண்டு எருது, வடம், தோல் பறி. வெடியக்காலம் பூட்டினா வெயில் ஏறுற வரைக்கும் இறைக்கோணும். குட்டநாட்டு வயல் கடல் மட்டத்துக்கும் கீழே. அங்க சம்சாரிங்க மரச்சக்கரத்தைக் காலால மிதிச்சு, வயல்ல நிக்கிற தண்ணியை வெளியே தள்ளினாங்க. அப்புறம் வந்த பம்புக்குப் பேரு 'பெட்டியும் பறையும்'. நம்ம பறி, அவங்க பறை! பேரு ஒட்டி வருது, வேலை நேர் எதிர்.

நமக்கு 1930கள்ல பைக்காரா கரண்டு வந்துச்சு. எருது போயி மோட்டார் வந்துச்சு, கிணறும் ஆழமாச்சு. அதுக்கப்புறம் மழைக்கு அடுத்தபடியா கரண்டுதான் வெள்ளாமை. 1970ல யூனிட்டுக்கு 8 பைசாவை 10 ஆக்கினாங்க. நாராயணசாமி நாயுடு தலைமையில விவசாயிங்க எந்திரிச்சாங்க. பெருமாநல்லூர்ல துப்பாக்கிச் சூடு, மூணு பேரு செத்தாங்க. கட்டணம் 9 பைசாவுல நின்னுச்சு.

ரெண்டு பைசாவுக்கா இத்தனைன்னு டவுன்ல இன்னமும் கேக்கறாங்க. மேட்டாங்காட்டுல ஒரு வாரம் மோட்டார் ஓடலைன்னா மொளகாச் செடி தலை தொங்கிரும்ங்க.